தொட்டியில் கை வைக்காதே

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே ஓவியர் சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டியை எட்டிப் பார்ப்பார். வாணலியின் கைப்பிடி ஜன்னல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கவிழ்ந்த டம்ளர் கவிழ்ந்தபடியே கிடக்க வேண்டும். மேலே உள்ள தட்டில் முட்டையின் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருக்குமே, அது நேற்று இருந்த மாதிரியே இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால்தான் வாய் கொப்பளிக்கப் போவார்.

"யாரும் கை வைக்கலல்ல?"

"வைக்கலங்க" என்று குளியலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்.

தொட்டியை அவர் வரைய ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வீட்டின் மற்ற பாத்திரங்களுக்கெல்லாம் குளியலறைத் தரைதான் கதி. ஒரு வாளித் தண்ணீரோடு குந்தி உட்கார்ந்து தேய்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்திருப்பாள் மனைவி. பிறகு மருந்துக்கடை வேலைக்கு ஓட வேண்டும்.

ஓவியர் வரைவது பெண்களின் ஓயாத வேலையை. படம் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் சாய்ந்து நிற்கிறது. பால் எடுக்க வேண்டுமானால் பக்கவாட்டில் நுழைந்துதான் எடுக்க வேண்டும்.

படத்தின் மூலையில் முதலெழுத்துகள் மட்டும்தான் போடுவார். "ஆம்பளைன்னு தெரிஞ்சா பாதிப் பேரு படத்தையே பாக்க மாட்டேங்கறாங்க" என்பார். "பாவம்" என்பாள் மனைவி. யாரைச் சொல்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. பெண்கள் கூடும் கூட்டங்களுக்குத் தவறாமல் போவார். "இங்க நான் பேசலாமான்னு தெரியல" என்று எழுந்து நிற்பார். அரை மணி நேரம் கழித்துத்தான் உட்காருவார்.

ஒரு நாள் சாப்பிட வந்த மைத்துனி எச்சில் கையோடு தொட்டியருகே நின்று கேட்டாள்: "அத்தான், பெண் விடுதலை முடிய இன்னும் எத்தனை நாளாகும்? கை கழுவணும்." எல்லோரும் சிரித்தார்கள். ஓவியரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

மனிதர் போலி இல்லை. வேலையிலிருந்து வந்த மனைவி ஒரு நாள் தோள்பையைக்கூட இறக்காமல் படத்தின் முன் நின்றுவிட்டாள். "இந்த வாணலியப் பாத்தாலே கை வலிக்குதுங்க" என்றாள். ஓவியருக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

பெண் ஓவியர்களின் கண்காட்சியில் ஓர் ஆணுக்கும் இடம் தரலாமா என்று பார்க்க, அதை நடத்தும் அம்மாள் நேற்று வீட்டுக்கே வந்தார். அந்த ஒரு சுவருக்காகத்தான் ஓவியர் இத்தனை நாள் நாயாய் அலைந்தது. அம்மாள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தை நெருங்கி நெருங்கிப் பார்த்தார். தட்டு மட்டும் இன்னும் வெறும் கரிக்கோடாக இருந்தது. மற்றதெல்லாம் தொட்டால் பிசுபிசுக்கும் போல இருந்தது. பிறகு கை கழுவ வேண்டும் என்று குளியலறைக்குப் போனார்.

அங்கே பாத்திரங்களுக்கு நடுவே மனைவி குந்தியிருந்தாள்.

"இங்க ஏம்மா உக்காந்து தேய்க்கறீங்க?"

"அங்க அவரு வரையறாருங்க."

அம்மாள் திரும்பி வந்தார். "படம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்தத் தொட்டி காலியானாத்தான் இது என் சுவத்துக்கு வரும்."

"அவ்வளவுதானே! இதோ!" ஓவியர் சட்டைக் கையை மடித்தார். குழாயைத் திறந்தார். "சோப்பு எங்கம்மா?"

"இங்க இருக்குங்க" என்று குளியலறையிலிருந்து எடுத்து வந்தாள் மனைவி.

மேலே இருந்த தட்டை நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தேய்த்தார். காய்ந்த முட்டை லேசில் போகுமா? அவருக்கு வியர்த்துவிட்டது. தட்டு பளிச்சென்று ஆகும்வரை அம்மாள் நின்று பார்த்தார். "வியாழக்கிழமை வண்டி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு தொட்டியை நெருங்கினாள். "அப்ப மீதியை நான் கழுவிடட்டுமாங்க?" முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

ஓவியர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கரிக்கோட்டுத் தட்டை. பிறகு கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"தொடாதே!"

பக்கவாட்டில் நுழைந்து குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார். கழுவின தட்டில் உடைத்து, மஞ்சளை மட்டும் விரலால் இழுத்துப் பரப்பினார். பழைய இடத்தில் வைத்து, வெளிச்சத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் திருப்பினார். பிறகு குனிந்து, சீக்கிரம் காயட்டும் என்று வாயால் ஊத ஆரம்பித்தார்.