விழா அன்று கொடுத்த விளக்கெண்ணெய்

மூன்று வயதில் வந்த ஜுரம் என் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிற்று. அதனால் பாலிகஞ்ச் பள்ளிக்கூடத்தில் டிரில் மணி அடித்தால் எனக்கு ஒரே வேலை, மற்றப் பையன்களின் சட்டைகளுக்குக் காவல். மரத்தடியில் நானும் ஒரு சொறிநாயும் உட்கார்ந்திருப்போம்.

புதிதாக வந்த வங்காளி டிரில் மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. கால்தானே சரியில்லை, கைக்கு என்ன கேடு என்று கேட்டார். முன்வரிசையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காரவைத்து, இரண்டு கையிலும் கர்லாக்கட்டையைக் கொடுத்தார். சுழற்றிச் சுழற்றித் தோள் கன்னிப் போயிற்று. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டு விழாவில் எல்லாரும் பார்க்க நானும் சுழற்றப்போகிறேனே! வீட்டில் அம்மாவிடம் வேறு பேச்சே கிடையாது. அவளும் என் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக் காயவைத்தாள்.

விழா அன்று காலையில் அம்மா ஒரு கிண்ணம் விளக்கெண்ணெயோடு வந்து நின்றாள். அவ்வப்போது பேதிக்குக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்தான். இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"உடம்பு லேசாயிடும்டா. சாயங்காலம் நன்னா சுத்துவே" என்றாள்.

பெற்றவள் சொல்வதில் பொய் இருக்குமா? மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

மத்தியானத்துக்குள் எழுந்து நிற்கத் தெம்பில்லை. மாஸ்டருக்காவது சொல்லி அனுப்புங்கள் என்று அழுதேன். நேற்றே சொல்லியாச்சு என்றார் அப்பா. எண்ணெய் குடித்தது இன்று. நேற்றே எப்படிச் சொன்னார்?

சாயங்காலம் கூடத்தில் பேச்சுக்குரல் கேட்டது. மதராஸிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், முன்பே எழுதியிருந்தபடி, வழியில் பள்ளிக்கூட விழாவையும் பார்த்துவிட்டு வந்தார்களாம். நொண்டித் தம்பி அவர்கள் கண்ணில் பட்டால் சம்பந்தம் கலைந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் எனக்கு எண்ணெய். அக்காவுக்காக என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வீட்டில் இருந்திருப்பேன். என்னிடம் கேட்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. வயிற்றெரிச்சலில் தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

கல்யாணத்தில் பெண்ணின் கையில் பொரியிடுவது உடன்பிறந்தவன்தான். அதற்கு அண்ணன் தம்பி யாராவது உண்டா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன்.

"இல்லை. சித்தப்பா பிள்ளை ஒருத்தன் இருக்கான், அவன் போடுவான்" என்றாள் அம்மா.