திரும்பி வந்த புளி

அன்று வாசலில் நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். ஆலங்காயத்திலிருந்து பைக்கில் மலையேறி வந்த கூரியர்காரர் இருந்தார். அவர் பேரை நான் கேட்டதில்லை. ஒல்லியான ஆள். வெயிலிலும் மழைக்கோட்டு போட்டிருப்பார். எதையும் எண்ணாமல் கொடுக்க மாட்டார், எண்ணாமல் வாங்கவும் மாட்டார்.

நான் ஆன்லைனில் மலைப்புளி விற்கிறேன். கொட்டையோடு என்று எழுதித்தான் விற்பேன். அன்று அவர் கொண்டுவந்தது ஒரு ரிட்டர்ன். ஒரு கிலோ வாங்கியவர், கொட்டை இருக்கிறது என்று திருப்பியிருந்தார். பிரித்தால் புளியே இல்லை. வெறும் கொட்டை.

"புளிய தின்னுட்டு கொட்டைய அனுப்பிக்கீறான் பாரு," என்றாள் மனைவி.

அந்த மாதத்தில் அது மூன்றாவது ரிட்டர்ன். பொருள் சரியாகத் திரும்பியது என்று பதிவானால், பழி என் மேல் விழும். ஆப்பில் என் கடையை மூடிவிடுவார்கள்.

கூரியர்காரர் போனைப் பார்த்தார். "இன்னா வந்துச்சு, எத்தினி பீஸுன்னு கேக்குதுங்க."

"ஒரு பார்சல்னு போடுங்க," என்றேன் யோசிக்காமல்.

"அப்டி போட்டா புளி வந்துட்ட கணக்காயிடுங்க. வந்தத்தான் போடணும்."

சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் ஒம்போது வூடு போவணுமே உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"பேசாதீங்கம்மா, எண்ணிக்க வுட்டுப்பூடும்."

பத்துப் பத்தாகக் குவித்தார்.

அந்தக் கணக்கால் கடை பிழைத்தது. எனக்காக எண்ணினாரா, எண்ணாமல் இருக்க முடியாமல் எண்ணினாரா, இன்றும் தெரியவில்லை. அன்று அவர் போனில் அடித்தது இவ்வளவுதான்: புளியங்கொட்டை, நானூற்றுப் பதினெட்டு.