தூசி என்று துடைத்த பூ

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பூவாடைக்காரி படையலைப் பற்றித்தான் முதலில் யோசித்தேன். பூவோடும் மஞ்சளோடும் செத்துப்போன வீட்டுப் பெண்ணுக்குப் புதுச் சேலை வைத்துப் படைத்து, வந்து சாப்பிடு என்று கூப்பிட்ட பிறகுதான் எங்களில் கல்யாண வேலை ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் அப்படிப் போனவள் என் அம்மா. அப்போது எனக்கு இரண்டு வயது. முகம் நினைவில் இல்லை. முகம் தெரியாமல் மங்கிக் கிடந்த ஒரே போட்டோவும், மோதி பாக் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது சுவரில் தண்ணீர் இறங்கி ஊறிப்போனது. அதன் பிறகு வெறும் கலசத்தைத்தான் கும்பிட்டு வந்தேன்.

கல்யாணச் சேதி கேட்டு ஊரிலிருந்து அக்கா ஒரு கவர் அனுப்பினாள். அப்பாவின் டிரங்குப் பெட்டி அடியில் கிடந்ததாம். கறுப்பு வெள்ளை நெகட்டிவ். மூன்று படம் உள்ள துண்டு, நடுப் படத்தில் அம்மா. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளுத்த கூந்தல், இருண்ட கன்னம். எவ்வளவு நேரம் பார்த்தும் அது ஒரு முகமாக எனக்குக் கூடிவரவில்லை.

கல்யாண ஆல்பம் பேச கரோல் பாக் ஸ்டுடியோவுக்குப் போனபோது கேட்டேன். "நெகட்டிவா? அதெல்லாம் விட்டு எத்தனை காலம் ஆச்சு அங்கிள்ஜி," என்று ஹிந்தியில் சொன்ன கடைக்காரர், பரணில் கிடந்த பழைய பிலிம் ஸ்கேனரை இறக்கித் துடைத்துக் கையில் கொடுத்தார். ஆல்பம் வாங்க வரும்போது திருப்பித் தந்தால் போதுமாம். மெட்ரோவில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பிள்ளையைத் தூக்குவது மாதிரி அதை அணைத்துக்கொண்டே நின்று வந்தேன்.

மெஷின் வந்துவிட்டால் படம் வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அதை ஓட்ட ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்றாள் மகள். கூட வந்த சீடியைப் போட அவள் லேப்டாப்பில் இடமே கிடையாது. பத்திரிகை கொடுக்க, துணி எடுக்க என்று அலைந்தது போக மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின. ஒன்றை இறக்கினால் ஸ்கேனரே இல்லை என்று சொல்லும். இன்னொன்று பாதியில் நின்றுவிடும். கடைசியில் இரண்டு தேறின. ஒன்று இலவசம். பார்க்க ரேஷன் கடை ஃபாரம் மாதிரி இருந்தது, எல்லாவற்றையும் நாமே சரிசெய்ய வேண்டும். மற்றது கொஞ்ச நாள் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வது. அதன் முகப்பில் இடது பக்கம் கீறல் விழுந்த படம், வலது பக்கம் அதே படம் பளிச்சென்று.

எனக்கு வலது பக்கம் பிடித்தது. சாமி படத்தைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் பூ வைக்கிறோம். படையலில் வைக்கிற படம் தூசியோடு இருக்கலாமா? சுத்தம் என்று வருகிற கட்டத்தில் எல்லாம் டிக் போடச் சொன்னேன்.

"அப்பா, கீழே ஏதோ வார்னிங் இருக்கு."

"அதெல்லாம் படிச்சிட்டு இருந்தா உன் கல்யாணமே முடிஞ்சிடும். ஜல்தி போடு."

படம் வந்தது. ஒரு பொட்டு அழுக்கில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் மனசில் ஒன்றும் அசையவில்லை. அலைச்சல், அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, படத்தை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "யாருடா இது?"

"அம்மாதான்க்கா."

"அம்மா மூக்குத்தியோடதான்டா போனா. தலை நிறையப் பூ வச்சு அனுப்பினோம், நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். நீ எதுக்குடா அதையெல்லாம் கழட்டின?"

நெகட்டிவை மறுபடி ஜன்னலில் பிடித்தேன். மூக்கருகே கடுகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. கூந்தல் ஓரத்தில் கறுப்பாக ஒரு சரம். எல்லாம் அங்கேயேதான் இருந்தன.

நான் படிக்கவிடாத எச்சரிக்கையை மகள் இப்போது படித்தாள். "இந்தத் தூசி எடுக்கிறது கலர் பிலிமுக்கு மட்டும்தானாம்ப்பா. பழைய கறுப்பு வெள்ளையில பளிச்சுனு இருக்கிற இடமெல்லாம் பிலிம்ல கெட்டியா இருக்குமாம். அதையும் தூசின்னு நினைச்சு எடுத்திருக்கு."

என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "குத்துவிளக்கை விளக்கற மாதிரி அவங்களையும் புளி போட்டு விளக்கிட்டீங்க."

சிரிக்க முடியவில்லை. சுமங்கலியாகப் போனவளைப் பூவும் மூக்குத்தியும் பறித்து உட்கார வைத்திருக்கிறேன், பெற்ற பிள்ளை. முருகா, தெரியாமல் செய்தது என்று பூஜை அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்த ஞாயிறு அந்த ரேஷன் ஃபாரத்தையே எடுத்தோம். எந்த டிக்கும் இல்லை. ஸ்கேனர் விளக்கு ஊர்ந்து போய் ஊர்ந்து வந்தது. முதல் தடவை படம் இருட்டு, இரண்டாவது ஒரே வெளுப்பு. மூன்றாவதில் மூக்குத்தி மின்னியது. முல்லையோ மல்லிகையோ, காதுக்குப் பின்னால் அடர்த்தியாகத் தொங்கியது. படம் முழுக்கத் தூசி. நெற்றியிலிருந்து கழுத்து வரை ஒரு கோடு கிழித்திருந்தது.

இந்தப் படத்தையும் அக்காவுக்கு அனுப்பினேன். போன் செய்து, "அந்தக் கீறல் மட்டும் அம்மாவோடது இல்ல. மத்ததெல்லாம் அவதான்," என்றாள்.

கீறலைத் தனியாக எடுத்துவிடலாம் என்றாள் மகள். "ரெஹ்னே தோ, அது இருக்கட்டும்," என்றேன். எதைத் தொட்டால் எது போகுமோ.

படையல் அன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியவில்லை. இலை போட்டு, சேலை மடித்து வைத்து, கலசத்துக்குப் பக்கத்தில் படத்தைச் சாய்த்து வைத்தோம். கூப்பிட வேண்டியவன் நான். வருஷா வருஷம் கலசத்தைப் பார்த்துச் சொல்கிற வார்த்தைதான்.

"அம்மா, வந்து சாப்பிடு."

ஒரு முகத்தைப் பார்த்து நான் அப்படிக் கூப்பிட்டது, நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.