மார்த்தாள் பாடிய ஒப்பாரி

சந்திராவுக்கு மார்த்தாள் என்று பேர் வைத்தது ஆம்பூரில் ஒரு சின்ன ஜெபவீட்டில். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. டேனியலைக் கட்டிக்கொள்ளத்தான் ஞானஸ்நானம் எடுத்தாள் என்று திமிரியில் அவள் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். முதலில் அது உண்மைதான். இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்காமல் போன வருஷம், ஜெபவீட்டுப் பாயில் முட்டி போட்டு, யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லிப் பழகினாள். அதற்கப்புறம் டேனியலே தடுத்திருந்தாலும் அவள் நின்றிருக்க மாட்டாள். பொட்டை விட்டாள், பூவை விட்டாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டில் மட்டும் டேனியல் அவளைச் சந்திரா என்றே கூப்பிட்டான்.

அவன் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தான். அவள் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். ஒரே பையன், ஜெயப்பிரகாஷ். பாலிடெக்னிக் கடைசி வருஷம் படிக்கும்போது பைபாஸில் லாரி இடித்து, அந்த இடத்திலேயே போய்விட்டான். பத்தொன்பது வயசு.

வேலூரில் போஸ்ட்மார்ட்டம் முடிந்து மறுநாள் மத்தியானம்தான் உடம்பு வீட்டுக்கு வந்தது. அதற்குள் திமிரியிலிருந்து சந்திராவின் அம்மா முனியம்மா வந்துவிட்டாள். அந்தப் பக்கம் எந்தச் சாவு வீட்டுக்கும் முனியம்மா வராமல் ஒப்பாரி ஆரம்பிக்காது. ஆட்டோவை விட்டு இறங்கும்போதே முடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, "என் ராசா" என்று குரலெடுத்தாள். உள்ளே பாஸ்டர் பாட்டு ஆரம்பித்திருந்தார். பாட்டை நிறுத்தாமலே சந்திராவைத் திரும்பிப் பார்த்தார். நம்பிக்கை இல்லாதவர்கள்தான் அப்படி அழுவார்கள் என்று அவர் எத்தனையோ அடக்கங்களில் சொல்லியிருக்கிறார்.

சந்திரா எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அம்மா, வேணாம்மா. எங்க முறையில இது கெடயாது."

முனியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "பேரனுக்கு நான் அழுவக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். சந்திரா வாசலை விட்டு நகரவில்லை. முனியம்மா முடியை அள்ளி முடிந்துகொண்டு, ஷாமியானா ஓரம் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தாள். கல்லறைத் தோட்டத்துக்கும் வரவில்லை. எடுத்ததும் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

சந்திரா அன்றைக்கு எல்லாப் பாட்டையும் பாடினாள். குரல் நடுங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பிரசங்கத்தில் அவளைச் சாட்சியாகச் சொன்னார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, இதுதான் விசுவாசம் என்றார். அதிலிருந்து எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவளைக் கூட்டிப்போனார்கள். போய், இழந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, பரலோகத்தில் பார்ப்போம் என்பாள். அதை அவள் நம்பினாள். நம்பிய பிறகும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்காமல் அப்படியே நின்றது. பக்கத்து மிஷின் வஹீதா ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "அழுதுடுக்கா, உன்னப் பார்த்தா எனக்கு பேஜாரா இருக்கு" என்றாள். சந்திரா டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போனாள்.

மூன்று வருஷம் கழித்து முனியம்மா செத்தாள். அதற்குள் சந்திரா நாலைந்து தடவை திமிரிக்குப் போயிருப்பாள். அம்மா சோறு போட்டாள், பேசினாள். அந்த நாளைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாவுக்கு டேனியலோடு வந்தாள். ஜெபவீட்டிலிருந்து பாஸ்டரம்மாவும் இரண்டு சகோதரிகளும் துக்கம் கேட்க வேன் பிடித்து வந்திருந்தார்கள். சந்திரா அவர்களோடு ஓரமாக நின்றாள். அம்மாவைச் சுற்றிப் பெண்கள் தோளில் தோள் சேர்த்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி தேவிகா பாடிக்கொண்டிருந்தவள், சந்திராவைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினாள்.

"உங்கம்மா உம்புள்ளைக்கு ஒரு பாட்டு கட்னாங்க. கடலக்கா உரிக்கும்போதெல்லாம் அதான். உனக்குத் தெரியாதா?"

சந்திரா தெரியாது என்று தலையை ஆட்டினாள். தேவிகா பாடினாள்.

*வேர்க்கடல வறுத்து வெச்சேன் என் ராசா,*
*லீவு வுட்டா வருவேன்னு.*
*வெள்ளத்துணி சுத்தி வந்த என் ராசா, உன்ன*
*வாசலோட பார்த்து வந்தேன்.*

கடைசி வரி முடியுமுன்னே சந்திரா அந்த வட்டத்துக்குள் விழுந்திருந்தாள். யாரோ தோளில் கை போட்டார்கள். முடி அவிழ்ந்ததும் மாரில் அடித்துக்கொண்டதும் அவளுக்குத் தெரியாது. சின்ன வயசில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாயில் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டாள், நடுநடுவே மகனைக் கூப்பிட்டாள். பாஸ்டரம்மாவும் மற்றவர்களும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வேனில் ஏறினார்கள்.

மறுவாரம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கோபப்படவில்லை. நாலு பேருக்கு முன்மாதிரியாக இருந்தவள் இப்படிச் செய்யலாமா என்று வருத்தமாகக் கேட்டார்.

"வேதத்துல லாசரு செத்தப்ப ஆண்டவரே அழுதாருங்களே, ஐயா."

"அழுதார், சிஸ்டர். ஒப்பாரி வைக்கல."

சந்திரா எழுந்து அடுப்படிக்குப் போனாள். காப்பி கொடுத்து அனுப்பினாள். அதற்கப்புறம் துக்க வீடுகளுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் தவறாமல் போனாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முட்டி போட்டால் இப்போது அழுகை வந்தது. ஆண்டவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு டேனியல் அடுப்படியிலேயே நின்றான். மகன் போன பிறகு அவனும் வாய் திறந்து அழுததில்லை.

"சந்திரா, அன்னிக்கு உங்கண்ணி பாடினது. நான் வெளியில ஆம்பளைங்களோட நின்னேன், சரியா காதுல விழல. ஒரு தடவ பாடேன்."

"நாலு வரிதாங்க தெரியும்."

"தெரிஞ்சத பாடு."

மிச்ச வரிகளை அவள் ஏற்கெனவே தேவிகாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தாள். அத்தை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி பாடுவாங்க, யாருக்கும் முழுசாத் தெரியாது என்று தேவிகா சொல்லிவிட்டாள். சந்திரா கையைத் துடைத்துக்கொண்டு அந்த நாலு வரியை மெதுவாகப் பாடினாள். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து பாடினாள். டேனியல் அடுப்பு மேடையைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்து, முகத்தை முட்டியில் புதைத்துக்கொண்டான்.