விழப் பழகிய தையல்காரி

தைத்த துணி கிழிந்தால் உடுத்தியவர் மேல் பழி போடுவது எங்கள் தொழிலின் வழக்கம். நீங்களும் மெஷின் மிதிப்பவர்களானால் ஒப்புக்கொள்வீர்கள். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். இதையும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

முதல் உதை

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் மாதா கோயில் கூடத்தில் கராத்தே வகுப்பு நடந்தது. மாஸ்டருக்குப் பகலில் தொழிற்சாலை வேலை. பிள்ளைகளின் வெள்ளை உடுப்பை என்னிடம் தைக்கக் கொடுத்தார். பைஜாமா மாதிரிதானே என்று தைத்துவிட்டேன். முதல் உதையிலேயே ஏழு கால்சட்டைகள் தொடை நடுவே டர்ரென்று கிழிந்தன.

"பிள்ளைங்க காலை ரொம்பத் தூக்குதுங்க சார்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க ஒரு தடவை தூக்கிப் பாருங்கம்மா. அப்புறம் துணியை வெட்டுங்க."

கஞ்சி

நடுவில் ஒட்டுத்துணி வைத்துத் திரும்பத் தைத்தேன். செய்த தப்புக்கு ஈடாகக் கஞ்சியும் போட்டேன். கொடியில் அவை காற்றில் கை வீசிக் கால் வீசி ஆடும்போது, ஆளே இல்லாத வகுப்பொன்று வானத்தில் நடப்பது போலிருக்கும். மெஷினை மிதிக்க மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

கஞ்சி உடுப்போடு வகுப்பு நடந்த முதல் மாலை, ஒவ்வொரு குத்துக்கும் சட்டைக் கை 'பட், பட்' என்றது. ஒன்பது வயது ஸ்டெல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. "மாஸ்டர், எனக்குப் பவர் வந்துருச்சு!" மாஸ்டர் அவள் சட்டையைத் தடவிப் பார்த்தார். "சத்தம் போட்டது நீ இல்லம்மா, அவங்க வடிச்ச கஞ்சி."

கடைசி வரிசை

ஒருமுறை காலைத் தூக்கிப் பார்க்கத்தான் போனேன். மாஸ்டர் என் கையில் வெள்ளை பெல்ட்டைக் கொடுத்து, பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டார்.

முதல் பாடம் உதையல்ல, விழுவது. என் பிழைப்பே இரண்டு மணிக்கட்டில் இருக்கிறது. ஒன்று முறிந்தாலும் மெஷினை மூட வேண்டியதுதான். நாற்பது வயதில் சின்னப் பிள்ளைகள் முன்னால் விழும் வெட்கம் வேறு. ஒரு மாதம் சுவரோரமாகவே நின்றேன். கடைசியில் ஸ்டெல்லா வந்தாள். "கையை ஊனாதீங்க ஆன்ட்டி, ஊனினாதான் உடையும். மோவாயை நெஞ்சுல ஒட்டிக்கிட்டு, தூங்கப் போற மாதிரி சரியுங்க."

சரிந்தேன். மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மிதந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பகலில் நான் மல்லாந்து படுத்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எழ மனம் வரவில்லை. ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள். "ஆன்ட்டி, எழுந்திருக்கிறதும் பாடம்தான்."

அண்ணனூர் படி

மழை நாள். துணி மூட்டையோடு அண்ணனூர் ஸ்டேஷன் படியில் இறங்கியபோது கால் வழுக்கியது. கை தானாகப் பின்னால் ஊன்றப் போனது. ஸ்டெல்லாவின் குரல் கேட்டது போலிருந்தது. கையை இழுத்து, மோவாயை நெஞ்சில் ஒட்டி, சரிந்தேன். மூட்டை சேற்றில். முழங்கையில் சிராய்ப்பு. மணிக்கட்டு இரண்டும் பத்திரம். வானத்தைப் பார்த்தபடி அப்படியே கிடந்தேன்.

படியோரப் பூக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னா யக்கா, வுயுந்தியா, இல்ல படுத்துகினியா?"

அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. அதனால் பத்திரமாக இருக்க நான் கடைசியில் செய்ததெல்லாம், வாரம் இரண்டு நாள் ஸ்டெல்லா முன்னால் போய் ஒழுங்காக விழுந்துவிட்டு வந்ததுதான்.