கூடலூருக்கு மோட்டாரோடு போனேன்

கூடலூர் பக்கம் வேலைக்கோ குடியேறவோ போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கற்றவள். போன மார்ச்சில், கூடலூருக்கு அப்பால் புதிதாகக் குடிபோன சித்தி, "இங்க தைக்க ஆளே இல்ல கண்ணு, மிஷினோட வந்துரு" என்று போனில் கூப்பிட்டார். எனக்குக் கேள்வி கேட்க வராது. "சரிங்க சித்தி" என்றேன். சேமிப்பில் 1,600 ரூபாய்க்கு மோட்டார் வாங்கி மிஷினில் மாட்டினேன். மிதிக்கும் ஸ்டாண்டு கனம் என்று எங்கள் ஊர் மஞ்சூரிலேயே விட்டுவிட்டேன்.

புதன் காலை 6.30க்குப் பஸ் ஏறி 8.15க்கு ஊட்டி. அங்கிருந்து கூடலூர் ஐம்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். (நடுவட்டம் தாண்டியதும் வளைவுகளில் வயிறு புரட்டும். ஜன்னல் சீட் பிடியுங்கள்.) பிறகு ஷேர் ஜீப். ஆளுக்கு 40 ரூபாய், மிஷினுக்கு 20.

டிரைவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "என்ன மோளே, உள்ள கல்லா?"

"தையல் மிஷினுங்க. மோட்டார் வச்சது."

"மோட்டாரா? நீ போற லைன்ல கரண்டே கிடையாதே!"

ஜீப்பே சிரித்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

சித்தி வீட்டில் ஒரே ஒரு சோலார் விளக்கு. கட்டிலில் பன்னிரண்டு ஜாக்கெட் துணிகள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் கல்யாணம். "மிதிக்கிற மிஷின்னுல்ல நெனச்சேன்" என்றார் சித்தி. எல்லோரிடமும் வாக்குக் கொடுத்திருந்தார்.

கரண்ட் இல்லாததற்குச் சித்தப்பா காரணம் சொன்னார். "வெள்ளக்காரன் காலத்துல இது மலபார் ஜில்லா. மதராஸ் மாகாணத்துக்குள்ளயே எல்லைக் கோட்ட மாத்திப் போட்டு நீலகிரியில சேத்துட்டாங்க. அப்புறம் மலபார் கேரளாவுக்குப் போச்சு, இது இங்கயே நின்னுருச்சு. ஆனா அந்தக் காலத்து ஜென்மிங்க, பெரிய நிலக்காரங்க, அவங்க உரிமை மட்டும் மண்ணோட ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. அந்த நிலம் யாருக்குன்னு கோர்ட்டுல நடக்கற வழக்கு முடியாம பட்டா இல்ல. பட்டா இல்லாம கரண்டு இல்ல. ஏம்புள்ள, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே ஜீப்பை நானே கைகாட்டி நிறுத்தினேன். "அண்ணா, பழைய மிதி ஸ்டாண்டு எங்கீங்க கிடைக்கும்?"

"அட, பேசறியே!"

கூடலூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் இறக்கிவிட்டார். ஸ்டாண்டு 900, பெல்ட் 60. சனிக்கிழமை மாலை பன்னிரண்டாவது ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தேன். ஞாயிறன்று பெண் வீட்டார் என்னை முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள்.

அந்தப் பக்கம் எல்லா இடமும் இப்படியில்லை. கூடலூர் டவுனில் கரண்ட் உண்டு. ஆனால் உள்ளே போவதானால், வீடு எப்படி என்று கேட்பதற்கு முன் நிலம் எப்படி என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். இப்போது நான் சித்தி வீட்டிலேயே தைக்கிறேன். மோட்டாரைத் துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை சித்தப்பாவிடம் வழக்கு என்னவாயிற்று என்று கேட்கிறேன்.