மாமியாரைத் தொலைத்த பதுளை

ஐம்பதுகளில், எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரைப் பதுளைக்குக் கூட்டிப்போனேன். நானாக ஆசைப்பட்டுக் கூப்பிடவில்லை. கருவாடும் உப்பும் வாங்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். "அம்மாவும் வரட்டும், அது பதுளையே பாத்ததில்ல" என்றார். முந்தின வாரம்தான் எனக்கும் மாமியாருக்கும், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் குடும்பங்களெல்லாம் கூடி நின்று வேடிக்கை பார்த்த சண்டை. "நீங்க எங்கயாவது தொலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதி" என்று வேறு கத்தியிருந்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

லுணுகலையில் பஸ் ஏறி, ஆளுக்கொரு சீட்டில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தே பதுளையில் போய் இறங்கினோம்.

நாங்கள் கருவாடு வாங்கும் கடை ஒரு முஸ்லிம் அண்ணனுடையது; நானா என்று கூப்பிடுவோம். ரோடு வருவதற்கு முன்னால் மட்டக்களப்பு உப்பும் கருவாடும் பொதிமாடுகளின் முதுகில்தான் காடு தாண்டி இந்த ஊருக்கு வருமாம். அவருடைய பாட்டன் அப்படி மாடு ஓட்டி வந்தவர். மாடு கட்டிய கல்தூண் ஒன்று கடை வாசலில் இன்னும் நின்றது. அதில் சைக்கிள் சாத்துவார்கள். மாமியாரைத் தூணருகே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். நெத்தலியைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது டவுனில் மத்தியானச் சங்கு ஊதியது. வெளியே வந்தால் தூண் இருந்தது, மாமியார் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. கடைவீதியைச் சுற்றி வந்ததும் கோபம் போய்விட்டது; ஓடி ஓடித் தேடினேன். மரக்கறிச் சந்தை, பஸ் ஸ்டாண்ட், கோயில் வாசல், எங்கேயும் காணோம். தனியாக லயத்துக்குத் திரும்பினால் என்ன சொல்வேன்? தொலைந்துவிட்டார் என்றால் யார் நம்புவார்கள்? நான் கத்தியதைத்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்களே! அதற்குப் பிறகுதான், அவருக்குச் சிங்களம் தெரியாது, கையில் ஒரு சதம்கூட இல்லை என்பது உறைத்தது. கடை வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன்.

நானா கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "அழாதீங்க தங்கச்சி. எங்கட மூத்தவாப்பாட காலத்துல பொதிமாடு காணாமப் போனா தெருத்தெருவாத் தேட மாட்டாங்களாம். மத்த மாடெல்லாம் வரிசையா எங்க நிக்குதோ, அங்க போய்ப் பார்ப்பாங்களாம்."

"எங்க அத்தை மாடில்லீங்க நானா!" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் வரிசை எங்கே என்று பார்த்துக்கொண்டுதான் நடந்தேன்.

பக்கத்துத் தெருவில், தியேட்டர் வாசலில், மேட்னி படத்துக்குப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் என் மாமியார்! போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கெல்லாம் தேடுறது அத்தை? இங்க என்ன செய்றீங்க?"

"சங்கு ஊதுச்சு. பொம்பளைங்க வரிசையா நின்னாங்க. நானும் வந்து நின்னுட்டேன்."

தோட்டத்தில் சங்கு ஊதினால் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்க வேண்டும். காலமெல்லாம் அப்படியே நின்று பழகியவர்.

அவருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதில் அவருடைய துணிப்பை. நிறுவை வரிசையில் நம் ஆளுக்கு இடம் பிடிக்க, கூடையை இப்படித்தான் வைப்போம். மாமியார் தன் மகள்களுக்கு வைப்பார். எனக்கு ஒருநாளும் வைத்ததில்லை.

பின்னால் நின்ற பெண் முன்னே நகரப் பார்த்தாள். மாமியார் கையை நீட்டி மறித்தார்.

"தள்ளி நில்லும்மா. எம் மருமக வந்துட்டா." என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "என்னா குடுக்குறாங்கன்னு தெரியல. வந்து நில்லு, ஒனக்கும் சேத்துத்தான் எடம் புடிச்சு வச்சிருக்கேன்."